ஜி வரிசையில் ஐந்து இருக்கைகள்

என் தையல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. மற்ற பக்கங்களில் எல்லாம் யாருக்குக் கழுத்து எத்தனை அங்குலம், யார் முன்பணம் கொடுத்தார்கள், யாருடைய ரவிக்கைக்குத் துணி போதவில்லை என்பவைதான். கடைசிப் பக்கத்தை மட்டும் நாடகத்துக்கு ஒதுக்கிவிட்டேன். மேலே ‘2023 டிசம்பர்’, கீழே ‘2025 ஜூலை’.

பக்கத்து வீட்டு அக்கா சேலைக்கு ஓரம் அடிக்க வந்தபோது, மேசைமேல் திறந்து கிடந்த அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். “ஐந்து பேர் நாடகம் பார்க்க ஆயிரம் ரிங்கிட்டா? ஈப்போவுக்குப் போனால் இந்தப் பணத்தில் பதினோரு படம் பார்த்திருக்கலாமே?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. என் குடும்பம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர், அக்கறையோடு கேட்டார். அன்று அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, மூன்று பேர் காத்திருந்தார்கள். அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம். நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே தைக்கிறேன். சாதாரண ரவிக்கைக்குக் கூலி 45 ரிங்கிட். எந்தச் செலவாக இருந்தாலும் இது எத்தனை ரவிக்கை என்றுதான் என் மனம் முதலில் எண்ணும். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட் சொச்சம். 150 ரிங்கிட் டிக்கெட் என்றால் ஒரு மனிதர் இரண்டு நாளுக்கும் மேல் வெயிலில் நின்ற கூலி. இதை மறந்துவிட்டு “கலைக்கு விலை உண்டா?” என்று பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்தவள் நான்.

2023 டிசம்பரில் முதன்முதலாகக் குடும்பத்தோடு கோலாலம்பூருக்கு நாடகம் பார்க்கப் போனோம். அம்மா, அவர், நான், மகள், மகன். மிகப் பெரிய அரங்கு. பெயர் வேண்டாம். நான்கு விதமான விலைகள் இருந்தன. இருப்பதிலேயே குறைந்த 60 ரிங்கிட் டிக்கெட்டை ஐந்து வாங்கினேன். முன்பதிவுக் கட்டணம் டிக்கெட்டுக்கு 4 ரிங்கிட் சேர்த்து 320. பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக அன்று நினைத்தேன். இரவு எட்டரை மணிக் காட்சி என்பதால் அன்றே திரும்ப முடியவில்லை. தங்கும் விடுதிக்கு 180. பெட்ரோலுக்கும் டோலுக்கும் 170. ஐந்து பேர் இரண்டு நாள் வெளியே சாப்பிட்டது 130. மொத்தம் 800.

எங்கள் இடம் மேல்மாடியில் கடைசிக்கு முந்திய வரிசை. மாடிப்படிகளில் அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தபோது, மேடை எங்கோ கிணற்றுக்குள் இருப்பதுபோலத் தெரிந்தது. நடிகர்களின் தலை உச்சியும் தோளும் தெரிந்தன. குரல் ஒலிபெருக்கியில் வந்தது. ஆனால் யார் வாயிலிருந்து வருகிறது என்று தேட வேண்டியிருந்தது. இரண்டு ராணிகள் வந்தார்கள். இருவருக்கும் ஒரே நிறப் பட்டு. யார் மூத்தவள் என்பது கடைசிவரை எங்கள் மகளுக்குத் தெரியவில்லை. மகனுக்கு அப்போது ஏழு வயது. இடைவேளைக்கு முன்பே என் மடியில் தூங்கிவிட்டான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் திரும்பும் வழியில் தாப்பா ஓய்விடத்தில் தேநீர் குடிக்கும்போதுதான், “பாட்டு நன்றாக இருந்தது. முகம்தான் ஒன்றும் தெரியவில்லை” என்றார்.

நாடகத்தில் முகம் தெரியவில்லை என்று என் அம்மா சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஐம்பது வருடம் இருக்கிறது.

அம்மா எல்பில் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். வரலாற்றுப் புத்தகங்களில் அந்தத் தோட்டத்துக்கு ஓர் இடம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று காலையில் அங்கே தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலையில் பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் இருவர். அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அம்மாவுக்கோ எல்பில் என்றால் அப்பா வேடம் கட்டிய இடம். அப்பா பகலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார். மாரியம்மன் திருவிழா இரவில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம். அரிச்சந்திரன் கதையில் சந்திரமதியாக வந்து, பாம்பு கடித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டுக்கு நடப்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தகரப் பீப்பாய்களை அடுக்கி மேலே பலகை போட்டால் அதுதான் மேடை. இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம். 1973இல் கல்யாணமாகி வந்த அம்மாவின் கூறைச்சேலையைத்தான் மறுவருடம் அப்பா சந்திரமதிக்குக் கட்டினார். மாமியார் சம்மதிக்கவில்லை. அம்மாதான் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

பாயை எடுத்துக்கொண்டு போய், பொழுது சாய்வதற்கு முன்பே முன்வரிசையில் இடம் பிடிப்பார்களாம். முத்துவெள்ளை பூசிய முகத்தில் வியர்வை கோடு கோடாக இறங்குவது தெரியுமாம். அப்பா அழும்போது உண்மையிலேயே கண்ணீர் வரும், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அது மின்னும் என்று அம்மா சொல்வார். நான் பிறந்து விவரம் தெரிவதற்குள் அப்பா வேடம் கட்டுவதை விட்டுவிட்டார். லயத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தாமான் குடியிருப்புகளுக்கும் டவுனுக்கும் போய்விட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மேடை போட்டால் பார்க்க ஆள் இல்லை. ஆகவே அப்பாவின் நடிப்பை நான் பார்த்ததே இல்லை. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

“அந்தக் காலத்தில் காசா கொடுத்தோம்?” என்று அம்மா அடிக்கடி கேட்பார். ஒரு நாள் உட்கார்ந்து விசாரித்தேன். கோயில் வரி என்று வீட்டுக்கு ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட், சம்பளத்தில் பிடிப்பார்களாம். பெட்ரோமாக்ஸ் வாடகை, ஆர்மோனியக்காரருக்குப் பணம், வெளியூர் ராஜபார்ட்டுக்கு வேட்டி துண்டு, எல்லாம் அதிலிருந்துதான். ஆக, காசு கொடுத்திருக்கிறார்கள். தோட்டம் முழுவதும் சேர்ந்து ஒரே டிக்கெட்டாக வாங்கியிருக்கிறது. அதனால்தான் முன்வரிசை, பின்வரிசை என்று விலையில் வேறுபாடு இல்லை. சீக்கிரம் பாய் விரித்தவருக்கு முன்வரிசை, அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு ஆதங்கம் தீரவே இல்லை. ஒரு காலத்தில் நாடகம்தான் மனிதர்களைத் தேடிப் போனது. 1870களில் பார்சி நாடகக் குழுக்கள் இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்தன. அவற்றைப் பார்த்து இங்கே வளர்ந்ததுதான் பங்சாவான் என்ற மலாய் நாடகம். அந்தக் குழுக்கள் திரைச்சீலையையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடின. தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகளும் கப்பலேறி மலாயாவுக்கு வந்து நடித்துவிட்டுப் போயிருக்கின்றன. இன்று ஒரு நல்ல நாடகம் பார்க்க நாங்கள் 230 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் மண்டபங்களுக்குக் குறைவில்லை. ஒரு சனிக்கிழமை அவற்றில் ஏதாவது ஒன்றில் வந்து நடித்தால், கோயில் வரிபோல நாங்களே வீட்டுக்கு இருபது ரிங்கிட் வசூலித்துத் தருவோம். இதை எந்த நாடகக் குழுவாவது படித்தால், தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள், இது ஓர் அழைப்பு.

அதுவரை போக வேண்டியது நாங்கள்தான். போவதென்றால் எப்படிப் போவது என்று ஒன்றரை வருடம் யோசித்தேன்.

2023 கணக்கை மறுபடி பார்த்தபோதுதான் தவறு புரிந்தது. 800 ரிங்கிட்டில் டிக்கெட் 320. மீதி 480 ரிங்கிட்டைக் கொட்டியது, முகம் தெரியாத ஓர் இடத்துக்குப் போய்ச் சேர! கோலாலம்பூரில் வீடு இருப்பவருக்கு 60 ரிங்கிட் டிக்கெட் உண்மையிலேயே மலிவு. பிடிக்கவில்லையென்றால் ரயிலேறி வீட்டுக்குப் போய்விடலாம். தொலைவிலிருந்து வருகிற குடும்பத்துக்கு அதே டிக்கெட் மலிவு ஆகாது. வழிச்செலவு முன்வரிசைக்காரருக்கும் பின்வரிசைக்காரருக்கும் ஒன்றுதான். இவ்வளவு தூரம் வந்த பிறகு இருக்கையில் மிச்சம் பிடிப்பது, நல்ல பட்டுத்துணி வாங்கிவிட்டு நூலில் கஞ்சத்தனம் பண்ணுவது மாதிரி. தையல் முதல் துவைப்பிலேயே விட்டுவிடும்.

விலைக்கு முன்னால் அரங்கின் அளவைப் பார்க்க வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கோலாலம்பூரில் 1999இல் திறந்த இஸ்தானா புடாயாவின் பெரிய அரங்கில் ஏறத்தாழ 1,400 இருக்கைகள், மூன்று தளங்கள். செந்தூலில் 2005இல் திறந்த நிகழ்கலை மையத்தின் பெரிய அரங்கில் 504 இருக்கைகள். இரண்டிலும் ‘கடைசி வரிசை’ என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அந்த இரண்டும் ஒன்றல்ல. சிறிய அரங்கில் நடு வரிசையே பெரிய அரங்கின் முன்வரிசைபோலக் கிட்டத்தில் இருக்கும். ஆடல் பாடல் என்று ஐம்பது பேர் மேடையை நிரப்பும் நிகழ்ச்சியைத் தூரத்திலிருந்தும் ரசிக்கலாம். போட்டு முடித்த கோலத்தைப்போல அது மேலிருந்து பார்த்தால் அழகாகவே இருக்கும். நான்கு பேர் பேசி நடிக்கும் நாடகத்துக்குக் கண் தெரிய வேண்டும்.

2025 ஜூலையில் செந்தூலில் ஒரு தமிழ் நாடகம் என்று தெரிந்ததும் இருக்கை வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து இரண்டு இரவு பார்த்தேன். முதல் ஆறு வரிசை 220 ரிங்கிட். ஏழாவதான ஜி வரிசையிலிருந்து 150. அதற்கும் பின்னால் 90. எஃப் வரிசைக்கும் ஜி வரிசைக்கும் நடுவில் இருப்பது ஓர் இருக்கையின் முதுகுதான். அதற்கு ஆளுக்கு 70 ரிங்கிட்! ஜி வரிசையின் நடுவில் ஐந்து இடம் காலியாக இருந்தது. முதல் வரிசையை இலவசமாகக் கொடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன். பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கழுத்தை நிமிர்த்தியே இருக்க வேண்டும், நடிப்பவர் உட்கார்ந்துவிட்டால் பாதி மறையும். ஓரத்து இருக்கைகளில் மேடையின் ஒரு மூலை போய்விடும்.

அதே நாடகத்துக்கு மதியம் மூன்று மணிக் காட்சியும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் அன்று இரவே வீடு திரும்பிவிடலாம். தங்கும் செலவு முழுவதும் இருக்கைக்குப் போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் 150 ரிங்கிட் இடம், நாங்கள் இருவரும் 90 ரிங்கிட் இடத்தில் உட்காரலாம், 120 ரிங்கிட் மிச்சம் என்றேன். அவர் அதிகம் பேசாதவர். “போனால் ஐந்து பேரும் ஒரே வரிசை. இல்லையென்றால் இன்னும் மூன்று மாதம் கழித்துப் போவோம்” என்று சொல்லிவிட்டு லாரிக்குப் போய்விட்டார். அன்று எனக்கு வருத்தம்தான். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அரங்கில் விளக்கு அணைந்த பிறகே தெரிந்தது.

பெட்ரோல், டோல் 170. டிக்கெட் கட்டணத்தோடு 770. எலுமிச்சைச் சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொண்டு போனதால் சாப்பாட்டுக்கு 60. மொத்தம் ஆயிரம். முதல் முறையைவிட 200 ரிங்கிட் அதிகம், ஐந்து ரவிக்கைக் கூலிகூட இல்லை. எங்கள் அல்சா காரில் அம்மா முன்னால் உட்கார்ந்து வந்தார். செந்தூலில் பழைய ரயில்வே கட்டடத்தைத்தான் அரங்காக மாற்றியிருக்கிறார்கள், செங்கல் சுவர் அப்படியே இருக்கிறது. அம்மாவின் பெரியப்பா ஒருவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். “இங்கே எல்லாம் ஒரே இரும்புச் சத்தமாக இருக்கும் என்பார்” என்று சொல்லிக்கொண்டே குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

நாடகம் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்படும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. முதல் காட்சியில் இருட்டு, பிறகு ஒரு நெற்றி விளக்கு. கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் மரத்தடியில் குனிகிறாள். மரம் என்பது வெறும் ஒரு கம்பம்தான். பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து இடுப்புப் பையில் போடுகிறாள். பால் வெட்டும் கத்தியை இரண்டு கையாலும் பிடித்து, இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரித்து இழுக்கிறாள். இழுத்தபடியே மரத்தைச் சுற்றிக் காலை ஒவ்வொரு அடியாக நகர்த்துகிறாள். பட்டைச் சுருளை விரலால் தள்ளுகிறாள். பால் பிடிக்கும் மங்கு என்ற கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்க்காமல் வைக்கிறாள். அவ்வளவு நேரமும் ஒரு வசனம் இல்லை.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். மடியில் இருந்த அவருடைய வலது மணிக்கட்டு அசைந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் இழுக்கும்போது இழுத்தது, அவள் நிறுத்தும்போது நின்றது. இருபத்தெட்டு வருடம் மரம் சீவிய கை. “சரியாகப் பிடிக்கிறாள்” என்று என் காதில் சொன்னார். சற்று நேரம் கழித்து, “யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்” என்றார்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கையை எப்படிப் பார்த்திருப்பேன்?

தையற்காரி என்பதால் எனக்கு வேறு சிலவும் தெரிந்தன. அந்தப் பெண்ணின் சட்டையில் தோளில் போட்டிருந்த ஒட்டு, கையால் போட்ட ஒட்டு. எந்திரத் தையல் இல்லை. தோட்டத்துப் பெண்கள் அப்படித்தான் தைத்துக்கொள்வார்கள். அதை அறிந்து ஒருவர் உட்கார்ந்து கையால் தைத்திருக்கிறார். என் கைத்தொழிலைச் சேர்ந்த, முகம் தெரியாத ஒருவர். கண் நிறைந்துவிட்டது எனக்கு. டிக்கெட் விலையில் அவருடைய கூலியும் இருக்கிறது என்று அப்போது தோன்றியது. 45 ரிங்கிட் ரவிக்கைக்கு 30 தருகிறேன் என்று பேரம் பேசுபவர்களிடம் நான் படும் வருத்தம் எனக்குத் தெரியும். இன்னொருவரின் வேலைக்கு நானே அப்படிப் பேரம் பேசக்கூடாது.

மகனுக்கு இப்போது ஒன்பது வயது. தூங்கவில்லை. பெட்டி படுக்கைகளை லாரியில் ஏற்றும் காட்சியில் கிழவராக நடித்தவர் வீட்டுக் கதவைப் பூட்டப் போய், பூட்டுவதற்கு இனிக் கதவே தன்னுடையது இல்லை என்று நின்றுவிடுகிறார். அவர் கன்னத்தில் நீர் இறங்கியது. ஜி வரிசையில் அது தெரிந்தது. “அது உண்மைக் கண்ணீரா, பாட்டி?” என்று மகன் அம்மாவிடம் கேட்டான். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டான், முன்வரிசையில் ஒருவர் திரும்பினார். அம்மா, “உண்மைதான். உன் தாத்தாவுக்கும் வரும்” என்றார். காரில் திரும்பும்போது ரவாங் தாண்டியதிலிருந்து தாப்பா வரை தாத்தாவைப் பற்றியே கேள்விகள். தாத்தா ஏன் பெண் வேடம் போட்டார், மீசையை என்ன செய்தார், பாம்பு உண்மைப் பாம்பா. வழக்கமாகக் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொள்ளும் மகள் அன்று அதைக் கழற்றிப் பையில் வைத்திருந்தாள்.

அக்கா, எல்லாரும் ஆயிரம் ரிங்கிட்டை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் சொல்லவில்லை. பள்ளிப் பேருந்துக் கட்டணம் பாக்கியிருக்கும்போது போகக்கூடாது. கடன் அட்டையில் போகக்கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவது அதற்கும் நல்லது, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நல்லது. நாங்கள் பத்தொன்பது மாதம் மைலோ டின்னில் போட்டுச் சேர்த்தோம். தீபாவளிக்கு எனக்குப் புதுச் சேலை எடுக்கவில்லை. வருடந்தோறும் இதைச் செய்ய எங்களாலும் முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போனால் போதும். ஆனால் போனால் முகம் தெரியும் இடத்தில், ஐந்து பேரும் சேர்ந்து. மேல்மாடிக்கு வருடம் ஒரு முறை போவதைவிட எனக்கு இது மேல். பதினோரு படம் பார்த்திருக்கலாம் என்று நீங்கள் சொன்னது சரியான கணக்குதான். படத்தை நாங்களும் விரும்பிப் பார்ப்போம். படத்தில் எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் நடிகரின் கண் நம் வீட்டுக் கதவு உயரத்துக்கு வந்துவிடும். நாடகத்தில் அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் நாம்தான் போக வேண்டியிருக்கிறது.

நாடகம் பார்த்து வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் அம்மா தன் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய துணிப் பையை எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே அந்தக் கூறைச்சேலை. இத்தனை வருடத்தில் அவர் அதை எனக்குக் காட்டியதே இல்லை. அரக்கு நிறம் மங்கியிருந்தது, மடிப்புகளில் பட்டு விட்டுப்போயிருந்தது. தோள்பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒரு வெள்ளைக் கறை. முத்துவெள்ளை. அப்பா சந்திரமதியாக அழுது முகத்தைத் தோளில் துடைத்த இடம்.

“ஓரத்தை மட்டும் தைத்துக் கொடு. கறையைத் துவைக்காதே” என்றார் அம்மா.

மகள் கை கழுவிவிட்டு வந்து அந்தக் கறையின்மேல் விரல் படாமல் மேலாகத் தடவிப் பார்த்தாள். நான் எந்திரத்தில் வைக்கவில்லை. கையால்தான் தைத்தேன். நான்கு நாள் ஆயிற்று.